பென்சில் செருகிய காது

அன்புள்ள மாப்பிள்ளை கதிரேசனுக்கு,

“மச்சான், பாத்தத வரையவா, கேட்டத வரையவா?” என்று நீ என்னிடம் ஒரே ஒரு முறைதான் கேட்டாய். நான் உடனே பதில் சொல்லிவிட்டேன். அதன் பிறகு நீ யாரிடமும் அப்படிக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. அந்தக் கேள்வியை இப்போது நான் என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு நினைவிருக்கும். என் தங்கை மல்லிகாவை நீ கட்டி ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு மாடி அறையில், கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் விளம்பரப் படம் வரைந்து கொடுக்கிற தொழிலைத் தொடங்கியிருந்தாய். நான் அன்னவாசல் பக்கம் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். ஒரு பதிப்பாளர் கேட்டாரென்று பத்தாம் வகுப்புக்குக் கைடு எழுதிக்கொண்டிருந்தேன். படம் போட உன்னை விட்டால் எனக்கு யார் இருந்தார்கள்?

முதல் படம் செம்பருத்திப் பூ. நீ எங்கள் கொல்லைக்குப் போய் ஒரு பூவைப் பறித்து வந்தாய். வெகு நேரம் பென்சிலையே தொடவில்லை. பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு வரைந்தாய். ஓர் இதழின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. உன் படத்திலும் அரித்திருந்தது. இன்னோர் இதழ் பின்பக்கம் மடங்கியிருந்தது. நடுத் தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்ன மாப்பிள்ளை, பூச்சி தின்ன பூவப் போட்டா பிள்ளைங்க என்னத்தப் படிக்கும்?”

“பூச்சி தின்னுருச்சே மச்சான், அதுக்கு நான் என்ன பண்ண? வேணும்னா பூச்சியவும் சேத்து வரையட்டா?”

“கேலி பண்ணாத. அஞ்சு இதழும் ஒரே அளவா இருக்கணும். தண்டு நேரா நிக்கணும். பேப்பர் திருத்துறவரு அதத்தான் பாப்பாரு.”

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். நான் சொன்னேன்: “கேட்டத வரை மாப்பிள்ளை. மார்க்கு அதுக்குத்தான்.”

நீ வேறு தாளை எடுத்தாய். காம்பஸை ஊன்றி ஒரு வட்டம் போட்டு, அதை ஐந்தாகப் பிரித்தாய். டீ ஆறுவதற்குள் பூ தயார். எந்தச் செடியிலும் பூக்காத பூ. அந்தக் கைடு பல வருஷம் விற்றது. நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தப் பூவை வரைந்துதான் தேர்வு எழுதினார்கள்.

மாணவர்களுக்கு எதையும் எடுத்துக்காட்டோடு சொல்லித்தான் எனக்குப் பழக்கம். உனக்கும் ஒன்று சொல்கிறேன். செய்முறை வகுப்பில் ஆளுக்கொரு செம்பருத்தியைக் கொடுத்து வரையச் சொல்வேன். எல்லாரும் பூவை மேசையில் வைத்துவிட்டு, உன் பூவை நினைவிலிருந்து வரைவார்கள். மேசையில் இருக்கும் பூவில் ஓர் இதழ் உதிர்ந்திருந்தாலும் தாளில் ஐந்து இருக்கும். ஒரு வருஷம் ஒரு பெண் மட்டும் இருந்ததை வரைந்துவிட்டாள். கிழிந்த இதழ், சாய்ந்த தண்டு, உள்ளே ஓர் எறும்பு. நான் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டேன்.

அவள் பூவைத் தூக்கிக் காட்டினாள். “சார், இதுல அப்படித்தான் சார் இருக்கு.”

“பூவப் பாக்காத. புத்தகத்தப் பாரு” என்றேன்.

அறிவியல் ஆசிரியர் சொன்ன வார்த்தை அது. அன்று சாயங்காலம் உன் கடைக்கு வந்து இதை ஒரு தமாஷாகத்தான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. “எறும்பவுமா வரைஞ்சா?” என்று மட்டும் கேட்டாய். பிறகு குனிந்து வேலையைப் பார்த்தாய். அவள் பெயர் எனக்கு மறந்துவிட்டது. பூ மறக்கவில்லை.

நீ கேட்டதையே வரைந்தாய். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: “கொஞ்சம் பளிச்சுன்னு.” ஒரு மாட்டுத்தீவனக்காரர் சாக்கில் அச்சடிக்கப் பசு மாட்டுப் படம் கேட்டு வந்தார். அன்று நானும் உன் கடையில் இருந்தேன்.

“மாடு நல்லாத்தான் இருக்கு. ஆனா மொகத்துல ஒரு சந்தோசம் இல்லயே” என்றார்.

“தீவனம் தின்னப்பறம் வரும்ங்க” என்றாய்.

அவருக்குக் கேலி புரியவில்லை. “தின்னப்பறம் உள்ள மாதிரியே போடுங்க. மடியவும் கொஞ்சம் பெருசாக்குங்க” என்றார். நீ பெரிதாக்கினாய். மாட்டைச் சிரிக்கவும் வைத்தாய். அவர் போனதும், “இப்படிச் சிரிக்கலாம்னு மாட்டுக்கே தெரியாது மச்சான்” என்றாய். நாம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது நினைத்தால் அதில் சிரிக்க என்ன இருந்தது?

சித்தன்னவாசல் ஓவியத்துத் தாமரைக் குளத்தைப் பலகாரப் பெட்டி மூடிக்கு வரைந்து கொடுத்தாய். தாமரை வெளிறித் தெரிகிறது, ரோஜாவாகப் போடு என்றார்கள். போட்டாய். கல்யாணப் பத்திரிகைகளில் பெண்களைச் சிவப்பாக்கினாய். வழுக்கைத் தலைகளில் முடி வைத்தாய். ஒரு நாள் உன்னிடம் கேட்டேன், “உனக்குன்னு சும்மா எதாச்சும் வரைய மாட்டியா மாப்பிள்ளை?”

“எனக்கு யாரு மச்சான் ஆர்டர் குடுக்குறா?” என்றாய்.

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். கொஞ்ச நேரம் கழித்து நீயாகவே பேசினாய். “கைக்கு ஒரு பழக்கம் வந்துருது மச்சான். கேட்டதயே வரைஞ்சு வரைஞ்சு, கண்ணு பாக்குறதுக்கு முன்னாடி கை வரைஞ்சு முடிச்சுருது. கண்ணு பொறகால மெதுவா வந்து சேருது. ஆனா மூஞ்சி வரையுறப்ப மட்டும் நான் கைய நம்புறதில்ல.”

முகம் வரைய உனக்கென்று ஒரு முறை இருந்தது. எதிரில் இருப்பவரின் கண்ணையோ மூக்கையோ முதலில் பார்க்க மாட்டாய். காதைப் பார்ப்பாய். “ரெண்டு காதும் ஒரே மட்டத்துல இருக்குற மனுசன நான் பாத்ததே இல்ல மச்சான். எது எறங்கிருக்குன்னு கண்டுபிடிச்சுட்டா, மிச்ச மூஞ்சி தானா வந்து ஒக்காந்துரும்.” அதை லேசான பென்சில் கோட்டில் குறித்துக்கொள்வாய். முகம் வந்து உட்கார்ந்த பிறகு அந்தக் கோட்டை அழித்துவிட்டு, இரண்டு காதையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவாய். கேட்டவர்களுக்கு அதுதானே வேண்டும். எத்தனை பேருடைய உண்மையான முகம் உன் ரப்பர் தூளாகப் போயிருக்கும்?

கடைசி மூன்று வருஷம் படம் கேட்டு வருகிறவர்களும் குறைந்துபோனார்கள். செல்போனில் இரண்டு வரி எழுதினால் படம் வந்துவிடுகிறது. வந்தவர்கள் அந்தப் படத்தைத்தான் கொண்டுவந்தார்கள். “அண்ணே, எல்லாம் நல்லா வந்துருக்கு. கையில மட்டும் ஆறு வெரலு இருக்கு. அஞ்சாக்கிக் குடுத்துருங்கண்ணே.” யாரும் வரையாத படங்களுக்கு விரல் குறைத்துக் கொடுத்தாய். நான் ஒரு நாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ திரும்பாமலே சொன்னாய்: “அஞ்சுதான் மச்சான் கணக்கு. இதழும் அஞ்சு, வெரலும் அஞ்சு.” நீ மறக்கவே இல்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இனி நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் கடை திறக்கும் முன் டீ குடிக்கப் போனவன், டீக்கடை பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டாய். உன் மகன் பிரபு சென்னையிலிருந்து வந்து சேர்வதற்குள் மதியம் ஆகிவிட்டது. அதற்குள் அவன் நண்பர்கள் பிளெக்ஸ் வைக்க உன் போட்டோவைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊருக்கெல்லாம் முகம் வரைந்தவனுடைய வீட்டில் உன் முகம் ஒன்று கிடைக்கவில்லை. உறவுக் கல்யாணம் ஒன்றில் எடுத்த குரூப் போட்டோ மட்டும் இருந்தது. அதிலும் நீ ஓரத்தில், ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்று, வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பாதியைக் கொடுத்தார்கள். பிளெக்ஸ் கடையில் மீதிப் பாதியைக் கம்ப்யூட்டர் போட்டுக்கொண்டது.

தெருமுனையில் பிளெக்ஸ் நின்றது. நீலக் கோட்டு, டை, வழுவழுவென்று கன்னம், பல் வரிசையாகச் சிரிப்பு. உன்னைக் கோட்டுப் போட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. வந்தவர்கள் அதைப் பார்த்து அழுதார்கள். “அப்படியே நேர்ல நிக்கிறாப்ல இருக்கு” என்றார் உன்னிடம் பல வருஷம் வேலை கொடுத்த ஒருவர். நான் அவர் பக்கத்தில் நின்று, இது யாருடைய துக்கம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் படத்திறப்பு என்று முடிவானது. அந்த முகத்தையே பெரிதாக்கிச் சட்டம் போடப் போவதாகப் பிரபு சொன்னான். அது மல்லிகா வீட்டுச் சுவரில் இனி எப்போதும் தொங்கப் போகிறது. உன் பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் உன்னைத் தெரிந்துகொள்ளப் போகிறார்கள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“பிரபு, இது ஒங்கப்பன் இல்லப்பா.”

“வேற யாரு மாமா? ஊரு பூராம் பாத்து அழுவுது. ஒங்களுக்கு மட்டும் தெரியலயா?”

“காதப் பாரு. ரெண்டும் ஸ்கேல் வச்சு அடிச்சாப்ல இருக்கு.”

“எழவு வீட்டுல ஒக்காந்து காதப் பத்திப் பேசுறீங்களே மாமா! அப்பா எத்தன பேருக்குக் கலரு ஏத்திருக்காரு, எத்தன பேருக்கு முடி வச்சுருக்காரு. அப்பல்லாம் நீங்க ஒரு வார்த்த சொன்னீங்களா?”

செம்பருத்திக் கதை அவனுக்குத் தெரியாது என்று புரிந்தது. நீ சொல்லவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்காமலே போயிருக்கிறாய். அவன் அழுது முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தணித்துக் கேட்டான்.

“சரி மாமா, சொல்லுங்க. அப்பாவுக்கு எந்தக் காது எறங்கிருக்கும்? கடையில சொல்லி மாத்தச் சொல்றேன்.”

மாப்பிள்ளை, எனக்குத் தெரியவில்லை.

முப்பத்தைந்து வருஷம் உனக்கு எதிரில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். உன் காதில் பென்சில் இருக்கும் என்பது தெரியும். எந்தக் காதில்? வலதா, இடதா? கண்ணை மூடிப் பார்த்தேன். பென்சில் வந்தது, நீ வரவில்லை. பிரபு கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு எழுந்து போய்விட்டான். அவன் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் என் மேல் திரும்பியது. பூவைப் பார்க்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கு மாப்பிள்ளையின் முகம் மட்டும் எப்படித் தெரிந்திருக்கும்?

மறுநாள் உன் கடைச் சாவியை வாங்கிக்கொண்டு போனேன். எங்காவது ஒரு நோட்டில், ஏதாவது தாளின் பின்பக்கத்தில், கண்ணாடியைப் பார்த்து உன்னை நீயே வரைந்திருப்பாய் என்று நம்பினேன். அலமாரி, மேசை இழுப்பறை, பழைய புரூப் கட்டுகள் எல்லாவற்றையும் புரட்டினேன். சிரிக்கிற மாடு இருந்தது. ரோஜாக் குளம் இருந்தது. என் செம்பருத்திகூட இருந்தது, காம்பஸ் குத்திய ஓட்டையோடு. நீ இல்லை. உனக்கென்று போட்ட கோடு ஒன்றுகூட இல்லை. இப்படிப்பட்டவர்களின் அறையில் இறந்த பிறகு ஒரு பொக்கிஷம் கிடைக்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். உன் அறையில் நாங்கள் கேட்டவை மட்டும்தான் இருந்தன.

உன் மேசையிலேயே உட்கார்ந்து நானே வரையத் தொடங்கினேன். கரும்பலகையில் இதயமும் சிறுநீரகமும் வரைந்த கை. பதினான்கு தாள் வீணாயிற்று. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு தலைமையாசிரியர் வந்து உட்கார்ந்தார். தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மல்லிகாவிடம் போனேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“ஆத்தா, மாப்பிள்ளைக்கு எந்தக் காது எறங்கிருக்கும்?”

அவள் தலை நிமிரவில்லை. “வலது” என்றாள். “பென்சில் இருக்குற காது. எறங்கி, வெளிய மடங்கிருக்கும். அந்தப் பக்கத்துப் புருவம் நடுவுல முடி இருக்காது. சிரிச்சா எடது பக்கம் மட்டுந்தான் சிரிப்பாரு. இதெல்லாம் ஒங்களுக்குத் தெரியாதாண்ணே?”

கீரை ஒரு பக்கம் கிடக்க, அவள் சொல்லிக்கொண்டே போனாள். கழுத்தில் மூன்று மடிப்பு, நாடியில் சவரம் விட்டுப்போகிற இடம். உன்னை ஒரு தாளும் இல்லாமல் முழுதாக வரைந்து வைத்திருந்தாள்.

“இம்புட்டும் தெரிஞ்சு, அந்தப் படத்துக்கு எப்படி ஆத்தா ஒத்துக்கிட்ட?”

“என்கிட்ட யாருண்ணே கேட்டா?”

அன்றுதான் அவள் அழுதாள். கேட்காதவர்களில் நானும் ஒருவன். பிளெக்ஸ் கடைக்கும் பிரபுவுக்கும் நடுவில் நின்று காதைப் பற்றிச் சண்டை போட்டேனே தவிர, உன்னோடு வாழ்ந்தவளிடம் போய் அவர் எப்படி இருப்பார் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

பிரபுவிடம் சொன்னேன். அவனும் அம்மாவை உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொண்டு பிளெக்ஸ் கடைக்குப் போனான். நானும் கூடப் போனேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் வலது காதைக் கீழே இழுத்தார். புருவத்தில் முடியை எடுத்தார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“சார், இத இப்படியே பிரிண்ட் போட்டா மிஸ்டேக் மாதிரி தெரியும் சார். பாக்குறவங்க எங்களத்தான் வைவாங்க. பழசே பளிச்சுன்னு இருக்கு சார்.”

பிரபு என்னைப் பார்த்தான். படத்திறப்புக்கு இன்னும் ஒருநாள்தான் இருந்தது. அவரிடம் நான் என்ன சொல்வது? பூச்சி தின்ன பூவைப் போட்டால் பிள்ளைகள் எப்படிப் படிக்கும் என்று கேட்டவன் நான். பழசையே சட்டம் போட்டு வாங்கி வந்தோம். துணியை விலக்கினார்கள், மாலை போட்டார்கள். உன்னைப் பற்றி நான்தான் முதலில் பேசினேன். நல்ல கலைஞர் என்றேன். கோட்டுப் போட்ட அந்த ஆள் என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சரிசமமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படம் இன்றும் சுவரில்தான் இருக்கிறது. மல்லிகா அதற்குப் பூ வைக்கிறாள். வைக்கும்போது முகத்தைப் பார்ப்பதில்லை.

என்னுடைய பதினைந்தாவது தாளை அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெகு நேரம் பார்த்தாள். “மூஞ்சி யாரோ மாதிரி இருக்கு. காது அவரு காது” என்றாள். தாளை மடிக்காமல் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறேன். அவள் சொல்கிறாள், நான் வரைகிறேன். “அம்புட்டு நேரா இல்லண்ணே மூக்கு, சாச்சுப் போடுங்க” என்கிறாள். எனக்கு இந்த அறுபத்தாறு வயதில் சிவப்புக் கோடு விழுகிறது. போன வாரம் பிரபு போனில் கூப்பிட்டு, “புருவம் வந்துருச்சா மாமா?” என்று கேட்டான். இன்னும் வரவில்லை.

அந்தப் பூவை எறும்போடு வரைந்த பெண் எங்கே இருக்கிறாளோ. இதைப் படித்தால், அம்மா, நீ வரைந்ததுதான் சரி. தப்புச் செய்தது என் பேனா.

மாப்பிள்ளை, நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு இதுதான். “இது அவருதாண்ணே” என்று மல்லிகா சொல்கிற வரைக்கும் நிறுத்த மாட்டேன். காம்பஸைத் தொட மாட்டேன். காது எங்கே இறங்கியிருந்ததோ அங்கேயே இருக்கும், அதை அழிக்க மாட்டேன். அவள் கடைசி வரை சொல்லாமலே போனாலும் வரைந்துகொண்டுதான் இருப்பேன்.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். இன்று உங்கள் வீட்டில் ஒருவரை எதிரில் உட்காரச் சொல்லி, அவருக்கு எந்தக் காது இறங்கியிருக்கிறது என்று பார்த்து, ஒரு தாளில் இரண்டு கோடு போட்டு வையுங்கள்.

எதிரில் இருந்தும் உன்னைப் பாராமல் போன,
உன் மச்சான்.